காத்திருத்தலும் சிகிச்சையே

1957-ஆம் ஆண்டில் டொனால் தாமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முதல் முயற்சிகளை அறிவித்தபோது, நோயாளிகளுள் ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. ஆயினும் அவர் சலியாது உழைத்தமையால், 1990-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்தப் பொறுமையே நோயாளிக்கும் வேண்டும். இச்சிகிச்சையில் இரத்தத்தை உருவாக்கும் தம்முடைய ஸ்டெம் செல்களையே திரும்பப் பெறவிருப்பவர், அவை மஜ்ஜையினின்று இரத்தத்தில் இறங்கும்பொருட்டு நாலைந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பு வலியைச் சகித்து, அச்செல்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தருகே பல மணி நேரம் படுத்திருந்தும், சேர்ந்த செல்களின் எண்ணிக்கை போதாதெனில் மறுநாளும் வரவேண்டியிருக்கும். அது தோல்வியன்று; விதைநெல் சேருமுன் உழவன் நாற்றங்காலில் இறங்குவதில்லை. உடலில் செலுத்திய செல்கள் வேரூன்றவும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆதலால், அன்பர்களே, தாமதங்கண்டு மனந்தளர வேண்டா. காத்திருத்தலும் சிகிச்சையின் ஓர் அங்கமே.