சுவரிலே பச்சை, கிளையிலே பொன்

ஐப்பசி பிறந்துவிட்டால் நமக்கு மழைதான் ஞாபகம் வரும். தெருவெல்லாம் தண்ணீரும், கொடியிலே காயாத வேஷ்டியும், இரவு முழுவதும் ஓயாத தவளைக் கச்சேரியுமாக நாம் காலம் கழிக்கின்ற அந்த அக்டோபர் மாதத்தில், சீன தேசத்தின் வடமேற்கே, கான்சூ மாகாணத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற துன்ஹுவாங் என்னும் பாலைவனச் சோலை நகரத்தில், வானம் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருக்கிறது. மரங்கள் மஞ்சளாகி நிற்கின்றன. அவ்வூரில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சுமார் 40 மில்லிமீட்டர்தான். நம் பக்கத்தில் ஐப்பசி மாதத்து ஒரே மாலைப் பொழுது அதைவிட அதிகமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த வறட்சியின் புண்ணியத்தால் பிழைத்திருக்கிற குகைச் சித்திரங்களைப் பற்றியும், அந்த வறட்சியையும் மீறிப் பொன்னாகப் பழுக்கிற இலைகளைப் பற்றியும் இன்று சற்று நேரம் பேச விரும்புகிறேன்.

சீனாவிலே இலையுதிர் காலத்தைப் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், பெய்ஜிங் நகரத்தை அடுத்துள்ள சியாங்ஷான் மலைக்குப் போகும்படிதான் எல்லாரும் யோசனை சொல்லுவார்கள். அங்கே மலைச்சரிவு முழுவதும் செவ்விலைகள் மண்டிக் கிடக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் செவ்விலைகளைப் பார்க்கிற நேரத்தைக் காட்டிலும் முன்னே செல்பவரின் பிடரியைப் பார்க்கிற நேரமே அதிகம் என்பதும் உண்மைதான். குகையையும் இலையையும் ஒரே யாத்திரையில் காண விரும்புகிறவர்கள் மேற்கே வெகுதூரம் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தெற்கே சீலியான் என்னும் பனிமலைத் தொடரும், வடக்கே கோபிப் பாலையும் காவல் நிற்க, அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட நடைபாதைபோல் கிடக்கிற நிலத்தின் மேற்கு முனையில் துன்ஹுவாங் அமைந்திருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே ஹான் வம்சத்துச் சக்கரவர்த்தி வூ இந்தப் பகுதியைத் தம் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்தது முதல், பட்டுப் பொதி சுமந்து மேற்கே போகிறவர்களுக்கு இதுவே கடைசிப் பெரிய தங்குமிடம். மேற்கேயிருந்து வருகிறவர்களுக்கு இதுவே முதல் வாசல். புத்தர் பிறந்த பூமியைக் காணப் புறப்பட்ட பாஹியான் கி.பி. 400-ஐ ஒட்டி இவ்வழியாகப் போனார். நம் காஞ்சி மாநகரத்தைப் பற்றி எழுதிவைத்த யுவான் சுவாங், ஏழாம் நூற்றாண்டில் ஏடுகளைச் சுமந்து திரும்பியபோது இவ்வூர் வழியாகவே தம் நாட்டுக்குள் பிரவேசித்தார். இங்கிருந்து மேற்கே போனால் மணற்கடல். உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. போகிறவர்கள் பிரார்த்தித்துக்கொண்டார்கள், திரும்பியவர்கள் காணிக்கை செலுத்தினார்கள். அந்தக் காணிக்கைகள்தாம் மோகாவ் குகைகள் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

நகரத்திலிருந்து தென்கிழக்கே 25 கிலோமீட்டர் தூரத்தில், தாச்சுவான் என்னும் சிற்றாறு அரித்த பள்ளத்தாக்கின் மேற்குக் கரையிலே, செங்குத்தான பாறை முகம் ஒன்று நிற்கிறது. கி.பி. 366-ஆம் ஆண்டில் லெட்ஸுன் என்ற பிக்ஷு ஒருவர் இவ்விடத்துக்கு வந்தபோது, எதிரே உள்ள சான்வெய் மலையின்மேல் ஆயிரம் புத்தர்கள் தோன்றினாற்போல் பொன்னொளி பரவக் கண்டு, அங்கேயே ஒரு குகையைக் குடைந்து தவத்தில் அமர்ந்தார் என்பது கர்ண பரம்பரை. அந்தப் பாறைமலைகளின் மேல் மாலை வெயில் சாயும்போது பார்த்தவர்களுக்கு, அவர் கண்டது வெறும் கற்பனை என்று தள்ளிவிட மனம் வராது. அவருக்குப் பின்னே ஆயிரம் ஆண்டுக் காலம் குடைந்துகொண்டே இருந்தார்கள். இன்று எஞ்சியுள்ள குகைகள் 735. அவற்றுள் 492 குகைகளிலே சித்திரங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. சித்திரங்களின் பரப்பு மாத்திரம் 45,000 சதுர மீட்டர். டாங் வம்சக் காலத்தில், 695-ஆம் ஆண்டில் அமைத்த மைத்ரேயரின் உருவம் 35 மீட்டருக்கு மேல் உயரம். அதை மூடி நிற்கிற ஒன்பது நிலை மாடத்தைத்தான் புகைப்படங்களில் நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

அஜந்தாவைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். அஜந்தாவின் பாறை உளிக்கு இணங்குகிற பாறை. சிற்பி அதிலேயே புத்தரைச் செதுக்கிவிட்டான். மோகாவ் பாறையோ கூழாங்கல்லும் மணலும் இறுகிய வெறும் சரளைப் பாறை. உளி வைத்தால் உதிரும். ஆகவே கட்டையால் எலும்புக்கூடு செய்து, நாணலும் புல்லும் சுற்றி, களிமண்ணைப் பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டினார்கள். சுவருக்கும் அவ்விதமே வைக்கோல் கலந்த மண்பூச்சுத்தான். கல்லாலே செய்யமுடியாத இடத்தில் மண்ணாலே செய்து, அதை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நிற்கவைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தத் தொழிலாளிகளின் சாமர்த்தியத்துக்கு ஒப்பான பங்கு அந்த ஊர்க் காற்றின் வறட்சிக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

254-ஆம் எண்ணுள்ள குகையின் வடக்குச் சுவரிலே, புறாவுக்காகத் தன் தொடையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதை தீட்டப்பட்டிருக்கிறது. சோழ மன்னர்கள் தம் குலமுதல்வனாகக் கொண்டாடிய அதே சிபி. ஆனால் இங்கே அவன் புத்தருடைய பூர்வ ஜன்மங்களில் ஒருவனாக வருகிறான். அரசன் அமைதியாக வீற்றிருக்கிறான். கத்தியோடு ஒருவன், தராசோடு ஒருவன். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி, வட வெய் வம்சத்தார் காலத்தில், கோபிப் பாலையின் ஓரத்திலே அமர்ந்து இதைத் தீட்டிய கைகள் பாரத தேசத்தைப் பார்த்திருக்க நியாயமில்லை. கதை மட்டும் ஒட்டகத்தின் மேலேறி வந்திருக்கிறது.

அக்காலத்துக் குகைகளில் மனித உருவங்களின் முகங்கள் பல கறுத்துக் கிடப்பதைக் கண்டு, அக்காலத்துச் சீனர்கள் தேவர்களைக் கறுப்பாகத்தான் பாவித்தார்கள் போலும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த முகங்கள் இளஞ்சிவப்பாகத் தீட்டப்பட்டவை. சிவப்புக்குச் சேர்த்த ஈயச் செந்தூரம் ஒளியாலும் ஈரத்தாலும் காலக்கிரமத்தில் கறுத்துவிட்டது. ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துத் தீட்டிய நீலமும், செப்புத் தாதுவை அரைத்துத் தீட்டிய பச்சையும் மாத்திரம் நேற்றுப் பூசினாற்போல் நிற்கின்றன.

குகையைவிட்டு வெளியே வந்தால், ஆற்றோரத்தில் வரிசையாக நிற்கிற பாப்லர் மரங்களிலே இதற்கு நேர் எதிரான காரியம் நடந்துகொண்டிருக்கிறது. இலையிலே முதலில் விடைபெற்றுப் போவது பச்சைதான். பகற்பொழுது குறுகிக் குளிர் ஏறத் தொடங்கியவுடன், இலையிலுள்ள பச்சையத்தை மரம் சிதைத்து, அதிலிருந்த சத்தைத் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் புதிதாக உண்டாவதில்லை. சித்திரை மாதத்துத் தளிரிலேயே இருந்து, பச்சைக்குப் பின்னே மறைந்து நின்றது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். செவ்விலை மரங்களின் கதை வேறு. அவை போகிற போக்கிலே சிவப்பைப் புதிதாகத் தயாரிக்கின்றன. துன்ஹுவாங்கில் அந்த ஆடம்பரம் கிடையாது. எங்கு நோக்கினும் மஞ்சளே. மரம் தன் வர்ணத்தைத் தாராளமாக உதறிவிடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் செய்துகொள்ளும். சுவருக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

உதிர்வதற்கு நாமும் ஒரு காரணம். மண்பூச்சிலும் பாறையிலும் உப்பு இருக்கிறது. குகைக்குள் 20, 25 பேர் நுழைந்து மூச்சுவிட்டால் அந்த ஈரத்தில் உப்பு இளகுகிறது. அவர்கள் போனபிறகு மறுபடியும் காய்ந்து படிகமாகிறது. படிகம் வர்ணத்தை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளிக்கச் செய்கிறது. ஆகவே ஒரு நாளைக்கு 6,000 பேர் என்று வரையறை வைத்து, 2014-ஆம் ஆண்டு முதல், முதலில் தொலைவிலுள்ள ஒரு கட்டடத்திலே வட்டக் கூரையில் குகைகளைப் படமாகக் காட்டிவிட்டு, அப்புறம் பேருந்தில் ஏற்றி, வழிகாட்டி ஒருவரோடு எட்டுக் குகைகளுக்கு மாத்திரம் அனுப்புகிறார்கள். உள்ளே விளக்கு இல்லை. வழிகாட்டி கையிலுள்ள டார்ச்சு வெளிச்சம் சுவரில் எங்கே விழுகிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கிற தரிசனம். புகைப்படம் எடுக்க அநுமதி கிடையாது. இது கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. மூலஸ்தானத்தின் இருட்டிலே கற்பூர ஒளியில் சுவாமியைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாட்டில் குறை சொல்லத் தோன்றாது.

இந்தப் பராமரிப்புக்கு அடிகோலியவர் சாங் ஷுஹோங் என்ற ஓவியர். பாரிஸ் நகரத்தில் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தபோது, 1935-இல், ஸீன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையொன்றில் துன்ஹுவாங் சித்திரங்களின் புகைப்படத் தொகுதியைக் கண்டு, தம் தேசத்துப் பொக்கிஷத்தை அந்நிய தேசத்துக் கடைவீதியில் பார்க்க நேர்ந்ததே என்று மனம் நொந்தவர். 1944-இல் இங்கே ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது அதன் தலைமையை ஏற்றார். குகைகள் மணலில் புதைந்தும், மேய்ச்சலுக்கு வந்த கால்நடைகள் உலவியும் கிடந்த காலம் அது. அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, சுற்றிலும் நெடுந்தூரம் மண்சுவர் எழுப்பியது. 1963-இல் பீகிங் சர்வகலாசாலையிலிருந்து வந்து சேர்ந்து, தம் வாழ்நாளையே இங்கே கழித்த ஃபான் ஜின்ஷி என்ற அம்மையார், பிற்காலத்தில் குகைச் சுவர்களையெல்லாம் எண்ணியல் படங்களாகப் பதிவுசெய்யும் பெருங்காரியத்தை நடத்தினார்.

ஏட்டுக் குகையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் வாங் யுவான்லு என்ற தாவோ மதத் துறவி, மணலை அப்புறப்படுத்தும்போது, சுவருக்குப் பின்னே ஆயிரக்கணக்கான ஏடுகள் அடைத்துவைத்த சிற்றறை ஒன்றைக் கண்டார். அதிகாரிகளுக்குத் தெரிவித்தும் அவர்கள் கவலைப்படவில்லை. 1907-இல் ஆரெல் ஸ்டைனும், 1908-இல் பால் பெல்லியோவும் வந்து, சொற்பப் பணத்துக்கு வண்டி வண்டியாக வாங்கிப்போனார்கள். அச்சிட்ட தேதியைத் தன்னிடத்தே தாங்கிய மிகப் பழைய முழுநூலாகிய, 868-ஆம் ஆண்டின் வஜ்ரசேதிக சூத்திரம், இன்று லண்டனில் இருக்கிறது. வாங் அந்தப் பணத்தைத் தமக்காகச் செலவழிக்கவில்லை, குகைகளைப் பழுதுபார்க்கவே செலவிட்டார் என்பதால், அவரைத் திட்டுகிறவர்களோடு சேர எனக்கு மனமில்லை. ஸ்டைன் கொண்டுபோன பட்டுச் சித்திரங்களில் ஒரு பகுதி புது டில்லி தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது என்பதை, சீனாவரைக்கும் போக இயலாத நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இலைக்காகவே போக விரும்புகிறவர்கள் துன்ஹுவாங்கோடு நிற்பதில்லை. கிழக்கே திரும்பி ஜியுச்சுவான் போய், அங்கிருந்து வடக்கே, சீனர்கள் மனிதரை விண்ணுக்கு ஏவுகிற தளத்தையும் தாண்டி, உள் மங்கோலியாவின் எஜினாவை அடைகிறார்கள். அங்கே ஹூயாங் என்ற பாப்லர் மரம், ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பரப்பிலே காடாக நிற்கிறது. உவர் நிலத்தில் வேர்விட்டு, உறிஞ்சிய உப்பைத் தண்டின் வழியே கசியவிடுகிற மரம். இளங்கிளையில் வேம்பைப்போல் ஒடுங்கிய இலையும், முதிர்ந்த கிளையில் அரசைப்போல் அகன்ற இலையுமாக ஒரே மரத்தில் இருவகை இலை தாங்குகிற மரம். ஆயிரம் ஆண்டு வாழும், பட்டபின் ஆயிரம் ஆண்டு நிற்கும், விழுந்தபின் ஆயிரம் ஆண்டு மக்காமல் கிடக்கும் என்று அவ்வூரார் சொல்லுவார்கள். மரநூல் வல்லார் இதை ஒப்புவார்களோ என்னவோ. 2002-இல் ஜாங் யிமோ எடுத்த 'ஹீரோ' திரைப்படத்திலே, மஞ்சள் இலைச் சுழலுக்குள் இரண்டு பெண்கள் வாள்போர் புரிகிற காட்சி இந்தக் காட்டில்தான் படமாயிற்று. அதற்குப் பின் எஜினாவுக்குக் கூட்டம் குறைந்ததில்லை.

ஆனால் இந்தக் காடும் தானாக நிற்கிற காடு அன்று. ஹூயாங்கின் விதை முளைக்க ஆற்று வெள்ளம் படிந்த ஈர வண்டல் வேண்டும். சீலியான் மலையிலே பிறந்து 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிற ஹெய்ஹே ஆறுதான் அதைக் கொண்டுவரவேண்டும். வழியிலுள்ள ஜாங்யெ வட்டாரத்து வயல்கள் நீரை எடுத்துக்கொண்டே போக, ஆறு முடிகிற ஏரிகளில் மேற்கு ஏரி 1961-லும் கிழக்கு ஏரி 1992-லும் வறண்டன. மரங்கள் பட்டுப்போயின. 2000-ஆம் ஆண்டில் அரசாங்கம் நீரைப் பங்கிட்டுக் கீழே விடத் தொடங்கி, 2002-இல் கிழக்கு ஏரிக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. காவிரியின் கடைமடையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆகையால் எஜினாவில் நாம் பார்க்கிற மஞ்சளுக்கும் காவலாளிகள் உண்டு; அவர்கள் மதகுகளின் அருகே நிற்கிறார்கள். மேல்மடையில் நீரை விட்டுக்கொடுத்த ஜாங்யெ விவசாயியின் பெயரை அந்தக் காட்டில் எவரும் எழுதி வைப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் வாரம் சீனர்களுடைய தேசிய விடுமுறை. அந்த ஏழு நாளும் அந்தப் பக்கம் தலைகாட்டாதிருப்பது நலம். கூட்ட நாட்களில் மோகாவில் நான்கு குகைகளுக்கு மாத்திரம் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எஜினாவில் மஞ்சள் உச்சத்துக்கு வருவதும் ஏறத்தாழ அதே வாரத்தில்தான் என்பது ஒரு சங்கடம். தேசம் முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே நேரமாகையால், துன்ஹுவாங்கில் அம்மாதம் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணியை நெருங்கிவிடும். விடியற்காலை வெளிச்சத்தை எதிர்பார்த்து ஐந்து மணிக்கு எழுந்து உட்காரவேண்டாம். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தைக் காய்ச்சி எடுத்த இனிப்புச் சாறு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். சைவர்கள் மற்றவற்றை விசாரித்துச் சாப்பிடுவது உசிதம். சிபியின் கதை உள்ளதுபோன்ற சில விசேஷக் குகைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பணத்தைப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். விடுமுறை கழிந்து, அக்டோபர் நடுவில் போய், நேரம் குறைவாக இருந்தால் எஜினாவை விட்டுவிடலாம். மோகாவின் ஆற்றோரத்து மரங்கள் அப்போது நல்ல மஞ்சளில் இருக்கும். அவற்றுக்குத் தனிச் சீட்டும் கிடையாது.