ஆகார் கண்ட கிணறு



தொடக்கநூலில் ஆகாரை நாம் இருமுறை பாலைநிலத்தில் சந்திக்கிறோம். முதல் முறை, கருவுற்றிருந்த அவள் தலைவி சாராயின் கொடுமை தாங்காமல் தானே ஓடி வருகிறாள். இரண்டாம் முறை, கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீரும் கொடுத்து மகனோடு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் இவளைத் தங்கள் சொந்த அக்காவாகவே கருதி வந்திருக்கிறார்கள். அவளும் அடிமை, அவள் உடலும் அவளுடையதாக இருக்கவில்லை.

டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின இறையியலாளர் 1993இல் ஆகாரை மையமாக வைத்து ஒரு நூல் எழுதினார். தலைவியிடமே திரும்பிப் போகுமாறு வானதூதர் சொன்னாரே, அது விடுதலையா என்று அவர் கேட்கிறார். கடவுள் அங்கே ஆகாரை விடுவிக்கவில்லை, பிழைத்திருக்க வழி காட்டினார் என்பது அவர் பதில். நமக்கு இது எளிதாக விழுங்கக்கூடிய பதில் அல்ல.

ஏனெனில் 'திரும்பிப் போ' என்பதை நாமும் சொல்லியிருக்கிறோம். கன்னத்தில் வீக்கத்தோடு வந்தவரிடம், 'பொறுத்துப் போம்மா, செபம் பண்ணு' என்று அனுப்பிய குருக்கள் நாம்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுள் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் கணவர் அல்லது காதலரின் வன்முறையை வாழ்நாளில் சந்தித்திருப்பதாக அரசு ஆய்வுகளே சொல்கின்றன. பலர் வெளியே சொல்வதில்லை. காவல்துறையை அழைத்தால் அந்த மனிதர் உயிரோடு திரும்புவாரா என்ற பயம் ஒருபுறம். 'கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள்' என்ற பேச்சு மறுபுறம். பாராட்டுப்போல் தோன்றும் இந்தப் பேச்சுதான் அழக்கூட விடாத விலங்கு.

பாடகி டீனா டர்னரை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். 1976 ஜூலையில் டல்லாஸ் நகரில், தம்மை அடித்த கணவர் உறங்கியதும் அவர் வெளியேறினார். கையில் இருந்தது 36 சென்ட். இரத்தம் தோய்ந்த உடையோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து ஒரு விடுதிக்கு ஓடினார். பணம் பிறகு தருகிறேன் என்றார்; மேலாளர் அறை கொடுத்தார். 1978இல் மணமுறிவின்போது அவர் தம் மேடைப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அரசின் உணவுச் சீட்டில் பிழைத்த காலமும் உண்டு. 1984இல், 44 வயதில், உலகமே அவர் பாட்டைக் கேட்டது. ஆனாலும் முதுமையில்கூட அந்தப் பழைய கதையைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வலித்தது. மீண்டெழுந்தவருக்குத் தழும்பு இருக்காது என்று யார் சொன்னது?

பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்த அவர் பௌத்த மந்திரத்தில்தான் வலிமை கண்டார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆகாரைக் கண்ட கடவுள் அவரையும் கண்டுகொண்டுதான் இருந்தார்.

வன்முறை நிறைந்த மணவாழ்வில் தங்கியிருக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று அமெரிக்க ஆயர்கள் 1992இலேயே எழுதிவிட்டார்கள். திருச்சபைச் சட்டம் 1153ஆம் எண்ணும், உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிய நியாயம் உண்டு என்கிறது. திருமண ஆயத்த வகுப்பில் இதை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் நேரமே மிக ஆபத்தான நேரம். ஆகவே 'உடனே கிளம்பு' என்று அவசரப்படுத்துவதும் தவறு. சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், நம்பிக்கையான ஒரு வீடு, இவற்றை முதலில் ஓசையின்றி ஏற்பாடு செய்ய வேண்டும். 21ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆகாரின் கண்களைத் திறந்தபோது அவள் கண்டது ஒரு கிணற்றைத்தான். தோற்பையை நிரப்பிப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியே, பங்கு இல்லத்தின் கதவை எந்நேரமும் தட்டலாம். நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் கணவரைக் கூப்பிட்டுப் பேசமாட்டோம். முதலில் உட்கார வைத்து, நீங்கள் சொல்வதைக் கேட்போம்.