இரத்தக் கொதிப்பும் குழாயின் நெகிழ்ச்சியும்



நாம் மருத்துவர் அல்லோம், ரயில்வேயில் குமாஸ்தா. ஆயினும் இப்பொருளைப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாப் பந்தியில் நம்முடன் அமர்ந்து உண்ட அலுவலகத் தோழர் ஒருவர், "தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மாத்திரை எதற்கு?" என்று தாமே அதனை நிறுத்திவிட்டார். மூன்று மாதங்களில் வலக்கையும் வாக்கும் ஒருங்கே போயின.

இரத்தக் குழாயின் சுவரில் தசை உண்டு. அது இறுகினால் வழி குறுகும்; நெகிழ்ந்தால் விரியும். நெகிழுமாறு ஆணையிடுவது குழாயின் உட்புறத்து மெல்லிய படலம். 1980-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் குழாய்த் துண்டில் அப்படலத்தைத் தேய்த்து நீக்கியபோது, முன்பு மருந்துக்கு நெகிழ்ந்த துண்டு நெகிழ மறுத்ததைக் கண்டார். படலம் விடுக்கும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சிக்காக 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருள் ஃபர்ச்காட்டும் ஒருவர்.

அழுத்தம் பல்லாண்டு மிகுந்திருப்பின் படலம் பழுதுறும், தூது குறையும், குழாய் இறுகும், அழுத்தம் மேலும் ஏறும். கைகாட்டி பழுதான தடத்தில் வண்டிகள் தேங்குவதை ரயில்வேக்காரர் அறிவோம்.

இறுகிய குழாயை நெகிழ்விக்கும் மருந்தைத் தேடிய வரலாற்றில் நம் தில்லிக்கும் இடமுண்டு. நம்மவர் பலர் வாழும் கரோல்பாகில், 1921-இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியாக் கல்லூரி உள்ளது. அங்கே சலீமுஸ்ஸமான் சித்திகி சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்து, 1931-இல் அதன் சத்துகள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார். அவ்வேர் கொதிப்பைத் தணிப்பதை 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் உலகறிய எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. குழாயை இறுக்கும் பொருளை நரம்பு முனைகளில் வற்றச் செய்வது அதன் வேலை. மனச்சோர்வு போன்ற தீங்குகளால் இன்று அதன் வழக்கு அருகிவிட்டது. அதனினும் நல்ல மாத்திரைகள் உள. ஆகவே, பழம்பெருமை கருதி எவரும் வேரைத் தாமே வாங்கி உண்ணலாகாது.

அன்பர்களே, இந்நோய் வலியால் அறிவிப்பதில்லை, அளவுமானியே அறிவிக்கும். 140/90 என்னும் அளவை அடைந்தோரும் கடந்தோரும் மருத்துவரை நாடுக. ஊறுகாயும் அப்பளமும் குறைக. நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்கு உட்படுக. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தற்க. அடுத்த ஆண்டுப் பந்தியில் நம்மில் ஒருவர் இலையும் வெறிதாதல் வேண்டா.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!