ஒரே மணி, இரண்டு விடியல்

ஆனி மாதத்தில், அஸ்ஸாமின் திப்ருகர் நகரை அண்டிய தேயிலைத் தோட்டங்களிற் காலை நாலேகால் மணியளவிலேயே ஞாயிறு எழுந்துவிடுகின்றது. அதே நாளில், இந்தியாவின் மேற்கெல்லையான கட்ச் பகுதியில் அது ஆறு மணிக்குப் பின்னரே தோன்றும். எனினும் ஈரிடத்தும் சட்டப்படியான நேரம் ஒன்றே. 1906ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இந்திய நியம நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைத் தழுவியது. இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலோ ஏறத்தாழ 25 பாகை. பாகைக்கு நான்கு நிமிடமாக, நூறு நிமிடம் வருகின்றதல்லவா?

கட்சின் பன்னிப் புல்வெளியில் எருமை வளர்ப்போரை இக்கணக்கு அதிகம் வருத்துவதில்லை. அங்கே எருமைகள் இரவெல்லாம் மேய்ந்து, காலையிற் பால் கறக்கும் வேளைக்கு ஊர் திரும்புகின்றன. அவற்றுக்கு மணி சொல்வார் யார்?

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை வேறு. அவள் வேலை பகலொளியை நம்பியது; கூலியோ மணியை நம்பியது. கார்த்திகையில் நாலரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே ஆங்கிலேயர் காலத்திலேயே தோட்டங்கள் தம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்தன. 'பாகான் நேரம்', அதாவது தோட்ட நேரம், என்னும் அவ்வழக்கம் இன்றும் உண்டு. தோட்டத்தில் ஒன்பது மணியாகும்போது புகையிரத நிலையத்தில் எட்டு மணிதான். சந்தைக்கோ வைத்தியசாலைக்கோ போகும் தொழிலாளி, படலையைத் தாண்டும்போதே ஒரு மணித்தியாலத்தைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேரம் கோரிய மனுவை 2017இல் குவஹாத்தி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு ஆண்டு, இந்தியத் தேசிய பௌதிக ஆய்வுகூட அறிஞர் நாட்டுக்கு இரண்டு நேரங்களை வகுக்கலாமென எழுதினர். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை.