கப்பல் பயணமும் கொடிமலை ரயிலும்



நம் முன்னோர்களுக்குக் கப்பல் என்றால் உல்லாசம் அல்ல. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, கடல் மயக்கத்தோடு ஒரு வாரம் தள்ளி, பினாங்கை அடைந்தார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை இன்றும் பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். கரை சேர்ந்தவர்களில் பலர் நேரே ஊருக்குள் போகவில்லை. ஜெரெஜாக் தீவில் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த பிறகே அவர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

இன்று காலம் மாறியிருக்கிறது. பால்வெட்டுத் தொழிலில் முதுகு வளைந்த தாய் தந்தையரை, வேலைக்குப் போன பிள்ளைகள் மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பலில் அனுப்பி வைக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தோ கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ புறப்படும் இத்தகைய கப்பல்கள் சில, பினாங்கில் ஒரு பகல் தங்குகின்றன. அந்த ஒரு பகலில் கொடிமலை ரயிலில் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது பலருடைய ஆசை. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் இருக்கும் குடும்பங்கள் இதற்கு எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த ரயிலைப் பற்றிச் சில வார்த்தைகள். மலாய் மொழியில் ‘புக்கிட் பெண்டேரா’ என்பதைத்தான் நாம் கொடிமலை என்கிறோம். வெள்ளைக்காரர் காலத்தில், மேலே பங்களா வைத்திருந்த துரைமார் குதிரையில் போனார்கள். இல்லையென்றால் நாற்காலியில் அமர்ந்து, கூலியாட்கள் தூக்கிச் செல்லப் போனார்கள். ரயில் போடுவதற்குச் செய்த முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. இரண்டாவது முயற்சி வெற்றி பெற்று, 1923-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறப்பு விழா நடந்தது. பாதையின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். மேல் நிலையம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இந்த ரயிலுக்கு முன்னால் இழுக்கும் இயந்திர வண்டி கிடையாது. கிணற்று ராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளியைக் கட்டினால், ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே போகும் அல்லவா? அதே முறைதான் இங்கும். எஃகுக் கம்பி வடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வண்டி பிணைக்கப்பட்டிருக்கிறது. மேலேயிருக்கும் இயந்திரம் வடத்தை இழுக்க, ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து, வண்டிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011-இல் குளிர்சாதன வசதியுள்ள புதிய வண்டிகள் வந்த பிறகு மாற வேண்டியதில்லை. ஒரு வண்டியில் சுமார் நூறு பேர் ஏறலாம்; பத்து நிமிடத்தில் மேலே போய்விடலாம்.

இருப்பவை இரண்டே வண்டிகள் என்பதை மனத்தில் வையுங்கள். கூட்டம் அதிகமானால் கூடுதல் வண்டி விட வழியில்லை. ஆகவே பயணம் பத்து நிமிடமாக இருந்தாலும், வரிசையில் நிற்பது ஒரு மணி நேரமாகலாம். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் அதற்கு மேலும் ஆகலாம். கப்பலில் வருகிறவர்கள் ஏமாந்து போகும் இடம் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் காலை 9 மணிக்கு வந்து, மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் இருக்கிறதே என்று எண்ணக்கூடாது. எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் என்று கப்பலில் ஒன்று சொல்வார்கள். அது 5 மணியாகவோ 5.30 ஆகவோ இருக்கும். நமக்கு 5 மணி என்றே கொள்வோம். காலையில் சோதனைகள் முடிந்து கரையில் கால் வைக்கப் பத்து மணியாகிவிடும். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஆயர் ஈத்தாமில் உள்ள அடிவார நிலையத்திற்கு முக்கால் மணி நேரம், மணி 10.45. வரிசையில் ஒரு மணி, 11.45. மேலே போய்ச் சேரப் பன்னிரண்டு. முருகன் கோயிலில் கும்பிட்டு, சாப்பிட்டு, கீழே விரிந்திருக்கும் பட்டணத்தையும் கடலையும் பார்க்க ஒன்றரை மணி, 1.30. வரிசையில் நின்று கீழே இறங்கி முடிக்க ஒரு மணி, 2.30. துறைக்குத் திரும்ப முக்கால் மணி, 3.15. இவ்வளவும் போகக் கையில் மிஞ்சுவது ஒன்றே முக்கால் மணி நேரம்.

இந்த மிச்சத்தைக் கடைத்தெருவில் செலவழித்துவிடாதீர்கள். மழை, சாலை நெரிசல், வயதானவர்களின் தள்ளாமை எல்லாவற்றுக்கும் ஈடு அதுதான். ஏறும் வரிசையைக் கணக்கில் சேர்ப்பவர்கள் இறங்கும் வரிசையை மறந்துவிடுகிறார்கள். போக வரச் சீட்டு கையில் இருப்பதால், நினைத்த நேரத்தில் வண்டி கிடைத்துவிடும் என்று பொருளல்ல. தண்ணீர்மலைக் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று சிலர் எண்ணுவார்கள். அது வேறு மலை, வேறு வழி. ஒரு பகலுக்கு ஒரு மலை போதும்.

அடுத்து, சீட்டு வாங்கும் முறை. வழிகள் இரண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சேரலாம், விலை கூடுதல். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால், பொதுவாகக் கப்பல் அதற்காகக் காத்திருக்கும்; கப்பல் பினாங்கில் நிற்காமலே போய்விட்டால் பணத்தையும் திருப்பித் தருவார்கள். மற்றொரு வழி, நாமே ரயில் சீட்டை இணையத்தின் மூலம் முன்கூட்டி வாங்கி, வாடகை வண்டியிலோ 204-ஆம் எண் பேருந்திலோ போவது. செலவு மிகவும் குறைவு. ஆனால் நாம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்றைய பேர் விழாது என்பதை அறிந்தவர்கள் நாம். இங்கு போவது ஒரு நாள் சம்பளம் அல்ல, முழுப் பயணமும். நடக்க முடியாத முதியவர்கள் தனியாகப் போவதானால் முதல் வழியே நல்லது. விவரம் தெரிந்த பிள்ளைகள் உடன் இருந்தால் இரண்டாவது வழியில் துணிந்து போகலாம்.

நாமே வாங்குவதானால் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தத் தேதியில் ரயில் ஓடுகிறதா என்பது. பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவார்கள்; முன்னதாக அறிவிப்பும் கொடுப்பார்கள். இரண்டு, வரிசையைக் குறைக்கும் விரைவு வழிச் சீட்டு. விலை அதிகம்தான், நேரம் குறைந்தவர்களுக்கு அது வீண் செலவல்ல. மூன்று, மைகாட் உள்ள குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. ஆகவே அடையாள அட்டையைக் கப்பல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடையாள அட்டை என்றதும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பினாங்கு நம் நாடுதானே, கடப்பிதழ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதும், வழியில் தாய்லாந்துத் துறையைத் தொடுவதும் வெளிநாட்டுப் பயணமே. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நம் பெரியவர்களில் சிலர் இங்கேயே பிறந்து வளர்ந்தும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே குடிநுழைவுத் துறை அலுவலகத்திற்கு நேரில் சென்று, எந்தப் பயணப் பத்திரம் கிடைக்கும், எத்தனை நாளாகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பணம் கட்டிய பிறகு, பாட்டியை மட்டும் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுப் போகும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரக்கூடாது.

தோட்டத்திற்கே வந்து முன்பணம் வசூலிக்கும் முகவர்களிடமும் எச்சரிக்கை தேவை. சுற்றுலா முகவர் தொழிலுக்கு அரசாங்க உரிமம் வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். உரிம எண்ணைக் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு எந்த ஊர்த் துறைமுகத்திற்கும் பொருந்தும். கொழும்பில் கப்பல் நின்றால், கண்டிக்குப் போகும் ரயில் மனத்தை இழுக்கும். கொழும்பிலிருந்து கண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். போக மட்டும் மூன்று மணி நேரம் வேண்டும். தேயிலைத் தோட்டங்களின் நடுவே செல்லும் பதுளைப் பாதையோ 290 கிலோமீட்டர். ஒரு வழிக்கே ஒரு பகல் போய்விடும். படத்தில் அழகாக இருக்கிறது என்று சீட்டு வாங்கினால் கப்பலைக் கோட்டை விட வேண்டியதுதான். இலங்கை நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது என்பதையும் நினைவில் வைத்து, கப்பல் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலுக்கு வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். மலாக்காப் பட்டணத்திற்கு முன்பு தம்பினிலிருந்து ஒரு கிளைப் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வேலைக்கே நம் தோட்டத்து மக்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். ஆனால் புலாவ் செபாங்கில் உள்ள தம்பின் நிலையம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரியில் கடலைக் கடந்தால், அதே கொடிமலைதான். ஓரிரவு பினாங்கில் தங்கிவிட்டு, காலையில் கூட்டம் சேருமுன் மலையேறலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

நேயர்களே, முதலில் பத்திரம், பிறகு நேரக் கணக்கு, அதன் பிறகே சீட்டு. இந்த வரிசை மாறாமல் ஏற்பாடு செய்தால், உழைத்துக் களைத்த நம் பெற்றோர் அந்த ஒரு நாளைக் கவலையின்றிக் கழிப்பார்கள்.