பிள்ளைகளின் உறக்கமும் பள்ளி மதிய உணவும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்விக் குழுவின் கூட்டம் என்றால் மதிப்பெண், உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று அவற்றை ஒரு புறம் வைத்துவிட்டு, நம் பிள்ளைகள் இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறார்கள், பகலில் பள்ளிக்கூடத்தில் என்ன உண்கிறார்கள் என்னும் இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இவை வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றும். ஆனால், டிபன் பாக்ஸ் பாதி நிறைந்தபடியே வீடு திரும்புவதற்குக் காரணம் தேடிப் போனால், அது பெரும்பாலும் முந்தின நாள் இரவில்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவனின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்படுகிறான். ஆறேகால் முதல் ஏழேகால் வரை மத்ரஸா. எட்டு மணிக்குப் பள்ளி வாகனம். மாலை ஐந்து மணிக்கு வீடு. மஃரிபுக்குப் பின் டியூஷன். ஒன்பது மணிக்கு மேல் திரும்பி, ஒன்பதரைக்கு இரவு உணவு. பிறகு வீட்டுப்பாடம், அதன்பின் கைபேசி. படுக்கும்போது பதினொன்றரை. ஆக, உறக்கம் ஆறு மணி நேரம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், நம் மாணவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கடன் விழுகிறது. ஆறு நாட்களில் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறான் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அவன் கடனில் ஒரு பகுதியை அடைக்கிறான், அவ்வளவே.

இதில் பிள்ளைகளின் சோம்பல் என்று சொல்வதற்கு நாம் நினைக்கும் அளவு இடமில்லை. பருவ வயதில், உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. கண்ணெதிரே கைபேசியின் வெளிச்சம் இருந்தால் அது இன்னும் தள்ளிப்போகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இதைக் கருத்திற்கொண்டு 2016-இல் மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று நமக்கு நினைக்கத் தோன்றும். ஆனால், மாணவர்கள் 34 நிமிடம் கூடுதலாக உறங்கினார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பள்ளி நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. மத்ரஸா நேரம் நம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

இரவு ஒன்பதரைக்கு உண்டு, ஆறு மணி நேரம் மட்டுமே உறங்கி எழும் பிள்ளைக்குக் காலையில் பசி எடுப்பதில்லை. ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பொறையும் சாப்பிட்டுவிட்டு வாகனத்தில் ஏறிவிடுகிறது. அதுவும் சில நாட்களில் இல்லை. அப்படிப்பட்ட நாளில் அதன் அடுத்த உணவு பள்ளியின் மதிய இடைவேளையில், பன்னிரண்டரை மணிக்கு. இரவு ஒன்பதரை முதல் பகல் பன்னிரண்டரை வரை பதினைந்து மணி நேரம். ரமலானில் நம் பகுதியில் நோன்பின் நேரம் ஏறத்தாழப் பதிமூன்றரை மணி நேரம்தான். அதற்கும் ஸஹர் உணவு உண்டு. ஸஹரும் இல்லாமல், நிய்யத்தும் இல்லாமல், அதைவிட நீண்ட பட்டினியை நம் பிள்ளைகள் சாதாரண நாளில் இருக்கிறார்கள். இடையில் பதினொரு மணிக்குப் பசி பொறுக்காமல் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் தின்பண்டம் உள்ளே போகிறது. பிறகு டிபன் பாக்ஸில் இருக்கும் சோறு எப்படி இறங்கும்?

டிபன் பாக்ஸைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஆறரை மணிக்கு ஆவி பறக்கச் சோற்றை அடைத்து மூடினால், ஆவி உள்ளேயே நீராகி, மதியத்திற்குள் சோறு கொழகொழத்துவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு மூட வேண்டும். முந்தின இரவு சமைத்து வெளியில் வைத்திருந்த சோற்றைத் தாளித்துக் கொடுத்தனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். அப்படிக் கிடக்கும் சோற்றில் ஒரு வகை நுண்ணுயிர் உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. தயிர்ச் சோற்றுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த முறையே நல்லது. புதிதாக வடித்த சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, சிறிது தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் புளிக்காது. எலுமிச்சைச் சோறோ, புளிச்சோறோ எதுவானாலும் உடன் ஓர் அவித்த முட்டையோ, சுண்டலோ இருக்கட்டும். வெறும் சோறும் சிப்ஸும் வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான்.

இங்கே நம் சமுதாயத்தில் நிலவும் ஒரு வீண் கௌரவத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைச் சத்துணவு வரிசையில் நிற்கவிடாமல், வீட்டிலிருந்து கொண்டுபோகச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். 1956-இல் காமராஜர் ஆட்சியில் மாநிலமெங்கும் விரிந்து, 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்த ஏற்பாடு அது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. அந்த வரிசையில் நின்று சோறும் பருப்பும் முட்டையும் உண்ணும் பிள்ளை, கட்டணப் பள்ளியில் ஆறிப்போன நூடுல்ஸ் உண்ணும் பிள்ளையைவிட நன்றாகவே உண்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேர். எந்நேரமும் களைப்பு, மூச்சு வாங்குதல், பாடத்தில் மனம் ஊன்றாமை, இவற்றைச் சோம்பல் என்றே வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், ஆட்டு ஈரல் இவற்றில் இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்ந்தால் கீரை, பயறுகளிலுள்ள சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். ஆகவே தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதற்காக நாள் முழுதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் உண்டு. அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. பெற்றோர் தனித்தனியே தலைமை ஆசிரியரிடம் முறையிடுவதைவிட, ஜமாஅத் சார்பில் நான்கு பேர் சென்று பேசினால் பலன் விரைவில் கிட்டும்.

வெளிநாட்டில் உழைக்கும் தந்தைமார்களுக்கும் இந்த மலர் செல்கிறது என்பதால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சவூதியில் இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து நீங்கள் வீடியோவில் அழைக்கும்போது இங்கே பத்தரை. வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் விழித்துக் காத்திருக்கிறார்கள். அந்த ஆசையைக் குறைசொல்ல எவராலும் இயலாது. ஆயினும், மதிய ஓய்வில் இரண்டரை மணிக்கு அழைத்தால் இங்கே ஐந்து மணி, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள். இரவுப் பேச்சை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாமே.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது இங்குள்ள அனைவரும் அறிந்ததே. எனவே நிர்வாகத்திடம் மூன்றை வேண்டுகிறோம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோருக்குப் பள்ளி நாட்களில் காலை மத்ரஸாவை மாலை அஸருக்குப் பின் மாற்றித் தர வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதலே சட்டத்தில் உள்ளது. நம் மஹல்லாவின் நிகழ்ச்சிகளையும் திருமண வீட்டு ஒலிபெருக்கிகளையும் பள்ளி நாட்களில் ஒன்பது மணிக்கே நிறுத்த வேண்டும். டியூஷன் நடத்தும் ஆசிரியர்களை அழைத்து, இஷாவுக்கு முன்பே வகுப்பை முடித்துத் தரக் கேட்க வேண்டும்.

மத்ரஸா நேர மாற்றத்தில் ஹஜ்ரத்மார்களின் கருத்தும் இன்றியமையாதது. சிலருக்கு மாலையில் வேறு வகுப்புகள் உள்ளன என்பதை அறிவோம். பெற்றோர் தம் கருத்தை எழுதப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. தாய்மார்கள் பிள்ளைகள் வழியாக எழுதி அனுப்பலாம். இம்மாத இறுதியில் அது நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும்.