நிறம் போனால் போதுமா? நஞ்சும் போக வேண்டும்!

 

ஆரணிப் பட்டு நமக்கும் பெருமைதான். நம்ம வீட்டுப் பிள்ளைகளும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் போராட்டம் நெசவுக்கு எதிரானது அல்ல. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விடுவதற்கு எதிரானது.

"பாக்டீரியா போட்டா சாயம் மறைஞ்சிடும், கவலைப்படாதீங்க" என்று நம்மிடம் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. காற்றுப் புகாத தொட்டியில் பாக்டீரியா இந்தச் சாயத்தை அறுத்துத் துண்டாக்கும். தண்ணீர் வெளுத்துவிடும். ஆனால் அந்தத் துண்டுகள் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. 1997-இல் மத்திய அரசு 70 அசோ சாயங்களைத் தடை செய்தது இதனால்தான். அமீன்களையும் அழிக்க, காற்று ஊட்டுகிற இரண்டாவது தொட்டி வேண்டும். தண்ணீர் அங்கே போதிய நேரம் நிற்கவும் வேண்டும். ஓடுகிற வாய்க்காலில் பொடியைத் தூவினால் என்ன ஆகும்? பொடியும் போகும், சாயமும் நம்ம ஏரிக்கு வந்து சேரும்!

இன்னொன்று. 100 கிலோ பச்சைப் பட்டு நூலில் 20 முதல் 25 கிலோ வரை பசை. அதைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள். பசையைப் பாக்டீரியா தின்னும். சோடாவில் உள்ள சோடியத்தைத் தின்னாது. அது நம் மண்ணை இறுக்கிக் களராக்கும்.

திருப்பூரைப் பாருங்கள். பருத்திச் சாயத்துக்குக் கொட்டிய உப்பு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிக்குப் பகையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலமும் கெட்டது, தொழிலாளி வேலையும் போச்சு. ஆரணிக்கு அந்த நிலை வேண்டாம்.

அதனால் நாம் கேட்பது:

1. சிறு பட்டறைகள் தனியாகச் செலவு செய்ய முடியாது. அரசு மானியத்தோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். இரண்டு தொட்டியும், உப்பைப் பிரிக்கும் வசதியும் அதில் இருக்க வேண்டும்.

2. வெளிவரும் தண்ணீரில் நிறம் மட்டும் பார்த்தால் போதாது. அமீன், சோடியம், மொத்த உப்பு எல்லாம் பரிசோதித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதாமாதம் தமிழில் எழுத வேண்டும்.

3. கெட்ட கிணறுகளுக்கு இழப்பீடு வேண்டும். மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாம் பிச்சை கேட்கவில்லை.

வருகிற விவசாயிகள் குறைதீர்வு நாளுக்கு ஆளுக்கொரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வாருங்கள். சர்வே எண்ணை எழுதி ஒட்டுங்கள். தெளிந்த தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லப் போகிறோம்.

நெசவும் வாழணும்! நிலமும் வாழணும்!